கூம் பூட்டிக் கொடுத்த பாட்டுப்பெட்டி

சமையலறை மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த தேசா, சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு கண்ணாடிக் குழாயை ஈரத்துணியோடு சேர்த்து வாரினாள். "இது வேணுமா, குப்பையில போடவா?" என்று புருஷனிடம் கேட்டாள். வெலிபோர் காபிக் கோப்பையிலிருந்து தலையைத் தூக்கினான். பார்த்த மாத்திரத்தில் கோப்பையை மேசைமேல் வைத்தான்.

அது ஃப்யூஸ். நேற்றுச் சாயங்காலம் கடை சாத்துவதற்குள் ஓடிப்போய் வாங்கி வந்த புது ஃப்யூஸ். அது இருக்க வேண்டிய இடம் இந்த மேசை அல்ல. மோமிரின் காரில், பேட்டரிக்குப் பக்கத்தில், பாட்டுப்பெட்டிக்கு மின்சாரம் கொண்டுபோகும் சிவப்புக் கம்பியின் தலைமாட்டில் அது உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் காரோ விடிவதற்கு முன்பே கிளம்பிவிட்டது. மோமிர், அவன் மனைவி மில்யானா, நாலு வயது மகள் லென்கா, கூரைமேல் கட்டிய ரப்பர் படகு, எல்லாம் சேர்ந்து கடலைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தன.

"அப்ப அந்த இடத்துல இப்ப என்ன இருக்கு?" என்றாள் தேசா.

வெலிபோர் ஜன்னலோரம் கிடந்த சிகரெட் பெட்டியைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"வெள்ளித்தாளா?"

"சோதிச்சுப் பாக்க வெச்சேன். அப்புறம் மாத்திக்கலாம்னு."

தொண்ணூறுகளைத் தாண்டி வந்த எங்கள் ஆட்களின் கைப்பழக்கம் இது. உலகமே எங்களுக்குக் கதவைச் சாத்திவிட்ட வருடங்களில், பெட்ரோலைக் குளிர்பானப் புட்டியில் வைத்து விற்ற காலத்தில், ஃப்யூஸுக்கு எவன் எங்கே போவான்? சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் செருகினால் ரேடியோ பாடியது, குளிர்பெட்டி குளிர்ந்தது, காரின் விளக்கு எரிந்தது. தப்பு நடந்தால் தான் முதலில் எரிந்து மற்றதைக் காப்பாற்றுவதுதான் ஃப்யூஸின் ஒரே வேலை. வெள்ளித்தாளுக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. அது நினைத்தால் எரியும், நினைத்தால் சும்மா இருக்கும். இப்போது ஆட்சி மாறி, வெளிநாட்டுச் சரக்குக்கு இருந்த தடை நீங்கி, கடைகளில் ஃப்யூஸ் டப்பா டப்பாவாகக் கிடக்கிறது. கை மட்டும் மாறவில்லை. வெலிபோர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் மின் பொறியாளன் வேறு. தெரியாமல் செய்தவனை மன்னிக்கலாம், தெரிந்தே செய்த இவனை என்ன செய்வது?

அந்தப் பெட்டிக்காக அவன் ஒரு குளிர்காலம் முழுவதும் உழைத்திருந்தான். பழைய கணினி ஒன்றின் பலகை, அதன் ஹார்ட் டிஸ்க், சின்ன விசிறி ஒன்று, எல்லாவற்றையும் அலுமினியப் பெட்டிக்குள் அடக்கி மோமிரின் காரின் டிக்கியில் முடுக்கியிருந்தான். ஸ்டியரிங் பக்கத்தில் பாட்டின் பெயரைக் காட்டும் பச்சைத் திரை. ஒரு திருகை உருட்டினால் ஆயிரக்கணக்கான பாட்டு. கேசட் சிக்கும் வேலை இல்லை, குழியில் விழுந்தால் சிடி குதிக்கும் வம்பும் இல்லை. எங்கள் க்ரால்யெவோ ஊரில் அப்படி ஒன்று எவன் காரிலும் இருந்ததில்லை. நேற்று அதைப் பூட்டி முடிக்கும் நேரத்தில்தான் முதல் ஃப்யூஸ் போனது. வெள்ளித்தாளை வைத்துப் பார்த்தான், பாடியது. கடைக்கு ஓடிப் புது ஃப்யூஸ் வாங்கி வருவதற்குள் மோமிர் பிளம் சாராயத்தோடு வாசலில் நின்றான். தெருவே கூடிவிட்டது. ஆளாளுக்குத் திருகை உருட்டிப் பார்த்தார்கள். அந்தக் கூத்தில் எவனோ பானெட்டைச் சாத்தினான். சாத்தியவன் தான்தானோ என்று இப்போது யோசித்தால் வெலிபோருக்கு அப்படித்தான் தோன்றியது.

இன்னொன்றும் இருந்தது. அதை நினைத்தபோதுதான் அவன் காபியை ஒதுக்கித் தள்ளினான். மோமிரின் பழைய ஜாஸ்தவா, நாட்டில் பாதிக் கார்களைப் போல, கேஸில் ஓடுகிற வண்டி. கேஸ் சிலிண்டர் டிக்கியில் கிடக்கிறது. பாட்டுப்பெட்டிக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. சிவப்புக் கம்பி தரைவிரிப்புக்கு அடியில் ஓடி, பின் சீட்டுக்குக் கீழே புகுந்து டிக்கிக்குப் போகிறது. அந்தப் பின் சீட்டில்தான் லென்கா படுத்துத் தூங்குவாள்.

"போன் பண்ணு. இப்பவே சொல்லு" என்று தேசா கைபேசியை அவன் முன்னால் வைத்தாள்.

சொல்வது என்ன பெரிய காரியமா? பானெட்டைத் திறந்து அந்த வெள்ளித்தாளைப் பிடுங்கிப் போடு என்று ஒரு வாக்கியம். வேறு எவனாக இருந்தாலும் சொல்லியிருப்பான். ஆனால் மோமிர் அவனுக்குக் கூம், சடங்கால் ஆன உறவு. கல்யாணத்தன்று மோமிரின் வலப்பக்கம் நின்றவன் வெலிபோர். லென்காவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது பாதிரியார் கையிலிருந்து ஈரத்தோடு அவளை வாங்கி நெஞ்சில் அணைத்தவனும் அவனே. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி வழக்குப் போட்டுக்கொள்வார்கள், அப்பனும் மகனும் பேச்சை நிறுத்திக்கொள்வார்கள், கூமும் கூமும் மட்டும் ஒருவரை ஒருவர் முகம் சுளிக்க விடமாட்டார்கள். கூம் கொடுத்ததைக் குறை சொல்வதில்லை. கூம் செய்ததைச் சரிபார்ப்பதில்லை. அப்படிப்பட்டவனிடம் போய், உன் பிள்ளை படுக்கிற இடத்துக்குக் கீழே நான் வெள்ளித்தாளை வைத்து அனுப்பினேன் என்று எந்த வாயால் சொல்வது?

மணி வெகுநேரம் அடித்த பிறகு மோமிர் எடுத்தான். உஷ்செ ஊரைத் தாண்டிவிட்டதாகச் சொன்னான். லென்கா தூங்குகிறாளாம்.

"பெட்டி எப்படி, கூமே? பாடுதா?" என்றான் வெலிபோர்.

"அதை ஏன் கேக்குறீங்க கூமே. தேனா ஒழுகுது. கிளம்புனதிலேர்ந்து ஓயவே இல்லை."

வெலிபோர் காதை அழுத்திக் கேட்டான். ஒரு லாரி கடந்து போகும் சத்தம் கேட்டது, ஆறு ஓடும் சத்தம் கேட்டது. பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. மோமிர் எப்படிப்பட்டவன் என்றால், போன் வந்தால் பாட்டைக் கூட்டி வைத்து எதிராளியின் காதைப் பிளப்பவன். வெலிபோர் சொல்ல வந்ததை மென்று முழுங்கினான். "சரி கூமே. நல்லா அனுபவிங்க" என்றுதான் வாயில் வந்தது. லைன் அறுந்துவிட்டது.

"நல்லா அனுபவிங்களா?" என்றாள் தேசா. இடுப்பில் கையை வைத்து அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கைபேசியைப் பிடுங்கித் தானே போட்டாள். கிடைக்கவில்லை. மறுபடி போட்டாள். இபார் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் போய்விட்ட வண்டிக்கு போன் எங்கே கிடைக்கும்?

வெலிபோர் தன்னையே தேற்றிக்கொள்ளப் பார்த்தான். பாட்டு நின்றிருக்கிறது என்றால் வெள்ளித்தாள் எரிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? எரிந்தால் ஆபத்தும் அதோடு ஒழிந்தது. மோமிர் கூமின் மனம் நோகக்கூடாது என்று பாடுகிறது என்று சொல்லிவைத்திருக்கிறான், அவ்வளவுதான். இதை அவன் சொல்லி முடிப்பதற்குள் தேசா கேட்டாள்: "அந்தத் தாள் தானா எரியுமா?"

தானாக எரியாது. அதுதான் விஷயம். எங்கோ அந்தக் கம்பியின் தோல் நசுங்கி இரும்பைத் தொடுகிறது. கடலுக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையெல்லாம் திணித்துப் பின் சீட்டை இழுத்துத் தள்ளியிருப்பார்கள். சீட்டின் கால் கம்பியின் மேல் ஏறியிருக்கும்.

"பாட்டு நின்னா மோமிர் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பானா?" என்றாள் அடுத்ததாக.

உட்கார மாட்டான். ராணுவத்தில் ஒரே கூடாரத்தில் கிடந்தபோது, உடைந்துபோன அடுப்பைத் தன் பெல்ட்டின் கொக்கியை வைத்துச் சரிசெய்தவன் அவன். பானெட்டைத் திறப்பான், கருகிய தாளைப் பார்ப்பான், அதைவிடத் தடியாக எதையாவது தேடிச் செருகுவான். தாளாவது எரிந்து தொலைந்தது. அடுத்தது எரியாது. அடுத்தது அப்படியே நிற்கும், கம்பிதான் பழுக்கும்.

வெலிபோர் சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் இறங்கினான். தேசா வீட்டுச் செருப்போடேயே பின்னால் வந்தாள்.

சனிக்கிழமை, ஜூலை மாதம், கடலுக்குப் போகும் சாலை. இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு, நடுவில் மரம் ஏற்றிய லாரிகள் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறின. வெலிபோரின் யூகோ கார் ஒரு லாரியைத் தாண்டுவதற்குள் எதிரில் இன்னொன்று வந்தது. அவன் வழக்கமாக வளைவில் முந்துகிறவர்களைக் குடும்பத்தோடு சேர்த்துத் திட்டுகிறவன். அன்றைக்கு மூன்று வளைவுகளில் அவனே முந்தினான். தேசா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் மோமிரின் எண்ணை விடாமல் அழுத்தினாள். திட்டக்கூட இல்லை. அவள் திட்டாமல் இருந்தது அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது.

நடுவில் போலீசுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். வெலிபோர் தலையை ஆட்டவில்லை. மோமிரின் சிலிண்டருக்குக் காகிதம் கிடையாது, பிடித்தால் வண்டி போகும் என்று முணுமுணுத்தான். "வண்டி போனா போகட்டும்" என்று, ஒரு ஊர் நெருங்கிச் சிக்னல் கிடைத்ததும் அவளே போட்டாள். வழியில் ஏதோ ஒரு ஊரின் காவல் நிலையத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். காரில் என்ன கோளாறு என்று கேட்டார். பாட்டு நின்றுவிட்டது என்று இவள் ஆரம்பித்ததுதான் தப்பு. கூரைமேல் ரப்பர் படகோடு வெள்ளை ஜாஸ்தவா காலையிலிருந்து ஐம்பது போயிருக்கும் அம்மா, ஒவ்வொன்றையும் நிறுத்திப் பாட்டு ஓடுகிறதா என்று கேட்கவா என்றார்.

வழியில் எங்கே புகை தெரிந்தாலும் வெலிபோர் ஸ்டியரிங்கின்மேல் குனிந்து அதையே பார்த்தான். ஒரு வளைவைத் திரும்பியதும் சாலையோரம் கரும்புகை எழும்பி நின்றது. காலைப் பிரேக்கில் வைக்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. கிட்டே போனால் ஆட்டைக் கம்பியில் கோத்துச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். ராஷ்கா ஊருக்கு முன்னால் மறுபடி ஒரு புகை. யாரோ வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அவன் மனதுக்குள் லென்காவைக் காரிலிருந்து இழுத்து வெளியே போட்டான். ஒவ்வொரு முறையும் கை எட்டவில்லை.

"ஏன் சொல்லலை?" என்று தேசா கேட்டாள். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"அவன் தெரு முழுக்கக் கூப்பிட்டுக் காட்டினான். 'என் கூம் கட்டினது'ன்னு."

அவள் மறுபடி மோமிரின் எண்ணை அழுத்தினாள்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. இந்தச் சாலையில் கடலுக்குப் போகிற எவனும் நோவி பசார் ஊரில் இறங்கி, கொத்துக்கறியை உருட்டிச் சுட்ட செவாப்பி சாப்பிடாமல் போகமாட்டான். மோமிர் அதிலும் பிடிவாதக்காரன். ஆற்றங்கரையில் லிண்டன் மரத்தடியில் இருக்கும் ஒரே கடைதான் அவனுக்கு, கூட்டம் இருந்தாலும் நின்று காத்திருப்பான். அவர்கள் தட்டைக் காலி செய்வதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். அதற்கு மேலே மலைப்பாதை. அங்கே புகை வந்தால் ஓடிவர ஆள் இருக்காது.

படகைத்தான் முதலில் தேசா பார்த்தாள். கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி, மர நிழலில் கார் நின்றது. முழுசாக நின்றது. வெலிபோருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யூகோவைச் சாலையிலேயே விட்டுவிட்டு இறங்கினான். இறங்கியதும் அவன் காதில் விழுந்தது பாட்டு. காரின் ஜன்னல்கள் பாதி இறக்கியிருந்தன. உள்ளேயிருந்து, அவன் போன குளிர்காலத்தில் லென்காவுக்கென்று தேடித் தேடிச் சேர்த்த குழந்தைப் பாட்டு, வாத்தும் தவளையும் வரும் பாட்டு, தெளிவாகக் கேட்டது.

பெட்டி பாடிக்கொண்டிருந்தது.

அவன் காரை நோக்கி இரண்டடி வைப்பதற்குள் மோமிர் மேசையிலிருந்து எழுந்து கையை விரித்துக்கொண்டு வந்துவிட்டான். கட்டிப்பிடித்து மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டான். கூம் வந்திருக்கிறார் என்று கடைக்காரனிடம் சத்தம் போட்டுச் சொன்னான். பத்துக் கொத்துக்கறி கூடுதலாகப் போடச் சொன்னான். வெலிபோரைத் தோளைப் பிடித்துத் திருப்பி மேசைக்குத் தள்ளினான். மில்யானாவும் எழுந்து நின்றாள். அவள் நீளக் கூந்தல் ஒரு பக்கம் அவிழ்ந்து தோளில் கிடந்தது. கூம் வந்தால் நிற்க வைக்கக்கூடாது, பசியோடு பேச விடக்கூடாது. நாற்காலி வந்தது, மோர்க் கோப்பை வந்தது, சுடச்சுட ரொட்டி வந்தது.

"லென்கா எங்க?" என்றாள் தேசா.

காரில் தூங்குகிறாள் என்றாள் மில்யானா. வெயில் ஏறும் முன்னால் எழுப்ப மனசு வரவில்லையாம். பாட்டு போட்டு வைத்தால் புரளாமல் தூங்குகிறாளாம். கூமின் பெட்டிக்குப் புண்ணியம் என்றாள்.

"நான் பானெட்டைக் கொஞ்சம் திறந்து பாத்துட்டு வந்துடறேன்" என்று வெலிபோர் எழுந்தான்.

மோமிர் அவன் முழங்கையைப் பிடித்தான். சிரித்துக்கொண்டுதான் பிடித்தான், ஆனால் விரல் இறுகியிருந்தது. "எதுக்கு கூமே? அதான் பாடுதே. நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வந்தது இதுக்கா? உங்க கைவேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா? உக்காருங்க."

"ஒரு நிமிஷம்."

"சாப்பிடாம ஒரு அடி நகர விடமாட்டேன்."

வெலிபோர் அந்த முகத்தைப் பார்த்தான். மோமிர் பானெட்டைத் திறக்க விடமாட்டான். உள்ளே தான் எதையோ செருகி வைத்திருப்பது கூமின் கண்ணில் படக்கூடாது, கூம் வைத்த வெள்ளித்தாளைத் தான் பார்த்துவிட்டதும் தெரியக்கூடாது. கூமின் மானத்தைக் காப்பாற்றத்தான் இவன் இப்படி விலங்கு மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். உதறிவிட்டு ஓடலாம். உதறினால் காரணம் சொல்ல வேண்டும். தேசா மேசைக்கு அந்தப் பக்கம் நின்று அவனையே பார்த்தாள். அவள் சொல்லிவிடலாம். சொல்லவில்லை. இதை நீயேதான் சொல்ல வேண்டும் என்று அவள் பார்வையில் இருந்தது. காரில் வாத்துப் பாட்டு முடிந்து அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

"ஃப்யூஸ் இல்லை, மோமிர்" என்றான் வெலிபோர். "நான் ஃப்யூஸ் போடலை. சிகரெட் தாளைச் சுருட்டி வெச்சேன். மறந்துட்டேன். காலையில போன்ல அதைத்தான் சொல்ல வந்தேன், வாய் வரலை. கம்பி எங்கயோ நசுங்கியிருக்கு. லென்காவுக்குக் கீழ."

மோமிரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. பிடித்திருந்த கையை விட்டான். தாள் எரிஞ்சுபோச்சு என்று சொன்னான், மில்யானாவைத் திரும்பிப் பார்த்தான். மில்யானா தன் தலையில் கை வைத்தாள், கூந்தல் அவிழ்ந்து கிடந்த பக்கத்தில்.

"என் கொண்டை ஊசி" என்றாள். "என் ஊசியை வெச்சிருக்கான்."

நாற்காலிகள் உருண்டன. மில்யானா ஓடியதைப் போல் ஒரு மனுஷி ஓடி வெலிபோர் பார்த்ததில்லை. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ரப்பர் கருகும் நாற்றம் அடித்தது. அதற்கு முன்பே அந்த நாற்றம் இருந்திருக்கும், கறி சுடும் புகையில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின் சீட்டின் மடிப்பிலிருந்து மெல்லிய சாம்பல் நிறப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மில்யானா பிள்ளையைப் போர்வையோடு வாரி எடுத்தாள். போர்வையின் ஒரு நுனி சீட்டோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. கிழித்துக்கொண்டு போனாள்.

மோமிர் சாவியைத் திருப்பி அணைத்தான். புகை நிற்கவில்லை. அந்தக் கம்பி நேராகப் பேட்டரியிலிருந்து வருகிறது, சாவி சொன்னால் கேட்காது. வெலிபோர் டிக்கிக்கு ஓடினான். பெட்டி படுக்கைகளை வாரி வீதியில் எறிந்தான். சிலிண்டரின் திருகு சுட்டது. சட்டையைக் கழற்றிச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாக மூடும்வரை திருகினான். அவன் முகத்துக்கு அருகில் அவன் முடுக்கிய அலுமினியப் பெட்டியின் விசிறி இன்னமும் சுழன்றுகொண்டிருந்தது, ஒரு தவளை உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தது. முன்னால் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. மோமிர் அலறினான். பாட்டு நின்றது.

சீட்டின் பஞ்சு அதற்குள் பிடித்துக்கொண்டது. கடைக்காரன் கையில் கிடைத்த மோர்ப் பானையோடு ஓடிவந்து அப்படியே கவிழ்த்தான். இன்னொருவன் ஆற்றுத் தண்ணீர் வாளியோடு வந்தான். சீட்டைப் பிய்த்து வெளியே போட்டபோது, அதன் அடியில் தோலுரிந்த கம்பி கறுத்துப் போய், தரைவிரிப்பில் ஒரு நீளத் தழும்பை எரித்திருந்தது. லென்காவின் தலை இருந்த இடத்துக்கு நேர் கீழே. வெலிபோர் அதைப் பார்த்தான். பார்க்காமல் இருக்க அவனுக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

மோமிர் சாலை விளிம்பில் உட்கார்ந்து கையைத் தண்ணீர் வாளிக்குள் விட்டிருந்தான். பழுத்த ஊசியை வெறும் விரலால் பிடுங்கியிருக்கிறான். இரண்டு விரலிலும் தோல் வெந்து வெளுத்திருந்தது. வெலிபோர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். நாற்றத்தைத் தவிர எல்லாம் அடங்கிவிட்டது.

"பாட்டு நின்னு ரொம்ப நேரமாச்சு, நீ போன் பண்ணப்போ" என்றான் மோமிர் வாளியைப் பார்த்துக்கொண்டே. கூம் ஆன நாளிலிருந்து அவன் வெலிபோரை நீ என்று சொன்னதில்லை. "பானெட்டைத் திறந்து பாத்துட்டேன். வெள்ளித்தாள் கருகிக் கிடந்துச்சு. சரி, விடு, பாட்டில்லாம போய்க்கலாம், கூமுக்குத் தெரிய வேணாம்னு மூடிட்டேன்டா. மூடிட்டு வண்டியில ஏறப்போறேன், நீ கூப்பிட்டே. பாடுதான்னு கேட்டே. நானும் பாடுதுன்னேன்."

மோமிர் வாளிக்குள் விரலைப் புரட்டினான்.

"கூமுக்கிட்ட பொய் சொல்லிட்டோமேன்னு உறுத்திச்சு. சொன்னதை நிஜமாக்கிடலாம்னுதான் அவ தலையிலேர்ந்து ஊசியை உருவினேன்."

அதாவது, போன் செய்யாமல் இருந்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. போன் செய்து உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. போனும் செய்து, உண்மையையும் முழுங்கி, தேனொழுகப் பேசி வைத்ததால்தான் அந்த ஊசி அங்கே போனது. காலையிலிருந்து மலையெல்லாம் பறந்து வந்து எதிலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற ஓடினானோ, அதைத் தன் வாயாலேயே அனுப்பி வைத்திருக்கிறான். வெலிபோருக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முழங்கால் இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான்.

மில்யானா ஆற்றங்கரையில் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். லென்காவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தூக்கம் கலைந்த எரிச்சலில் சிணுங்கினாள், அப்புறம் ஞானத்தகப்பனைப் பார்த்ததும் சிரித்து, வழக்கம்போல் இரண்டு கையையும் அவனை நோக்கி நீட்டினாள். வெலிபோர் எழுந்தான். கையை நீட்டிக்கொண்டு போனான். மில்யானா அந்தக் கைகளைப் பார்த்தாள். நடுங்கிக்கொண்டிருந்தன. புருஷன் கையையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு பிள்ளையைத் தேசாவிடம் கொடுத்தாள்.

"கூமா, நீங்க வீட்டுச் செருப்போடயே வந்திருக்கீங்க. பரவால்ல, கடல்ல அது போதும்" என்றாள் தேசாவிடம். "கடலோரம் இருக்கிற பார் ஊருக்கு மத்தியானம் ஒரு பஸ் இருக்காம். நாம மூணு பேரும் போவோம்."

மோமிர் எழுந்து, தானும் வருவதாக என்னவோ சொல்ல வாயெடுத்தான். வண்டியை எப்படியாவது சரிபண்ணிவிடலாம் என்றான். வெலிபோரும் ஆமாம் என்றான்.

மில்யானா வீதியில் சிதறிக் கிடந்த பைகளிலிருந்து தன்னுடையதையும் பிள்ளையுடையதையும் மட்டும் பொறுக்கி எடுத்தாள். அவிழ்ந்த கூந்தலை ஒரு கையால் முறுக்கிக் கழுத்துக்குப் பின்னால் போட்டாள்.

"வேண்டாம்" என்றாள். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க. ஒருத்தர் மனசு ஒருத்தர் நோகாம பாத்துக்கங்க."

பஸ் வந்தபோது இருவரும் பைகளைத் தூக்கி ஏற்றிவிட்டார்கள். நன்றி என்று ஒருவரும் சொல்லவில்லை.